ஜப்பானிய மலைக்கிராமத்தில் ஆசிரியர் வேலை: ஊருக்குள்ளேயே குடியிருப்பதா, நகரத்திலிருந்து போய்வருவதா?

வெளிநாட்டவரை ஆங்கிலம் கற்பிக்க அழைக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்தில் சேர்கிறவர்களுக்கு, வேலை உறுதியான கடிதம் வந்து சில வாரங்களில் இன்னொரு மின்னஞ்சல் வரும். உங்களை எடுத்துக்கொண்ட ஊரின் கல்வி வாரியத்தில் உங்களுக்குப் பொறுப்பான அலுவலர், அங்கே தான்தோஷா என்பார்கள், எழுதியிருப்பார். அதன் நடுவில் ஒரு வரி இருக்கும்: வீட்டைப் பற்றி ஏதாவது விருப்பம் உண்டா? பலரும் "எதுவானாலும் சரி" என்று பதில் போட்டுவிடுகிறார்கள். 2022-இல் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நானும் அப்படித்தான் போட்டேன். சம்பளம், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்திருந்தேன். அடுத்த மூன்று வருஷம் என் நாட்கள் எப்படிப் போகும் என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

மூன்று குளிர்காலங்களை மூன்று வீடுகளில் கழித்தேன். முதல் வருஷம் ஊருக்குள் ஆசிரியர் குடியிருப்பு, இரண்டாம் வருஷம் கடற்கரை நகரத்தில் வாடகை வீடு, மூன்றாம் வருஷம் மறுபடி ஊருக்கே வந்து ஒரு பழைய மரவீடு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. இந்த வருஷம் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷிமானே மாகாணத்தின் மேற்குப் பாதியை இவாமி என்று அழைப்பார்கள். ஹிரோஷிமா பக்கத்து மலைகளில் பிறக்கும் கோனோகாவா ஆறு அந்த மலைகளுக்குள் வளைந்து வளைந்து வந்து, கோட்சு என்ற சின்ன நகரத்தில் ஜப்பான் கடலில் சேர்கிறது. ஆற்றின் இரு கரையிலும் செம்பழுப்பு ஓடு வேய்ந்த வீடுகள். ஆற்றை ஒட்டி ஓடிய சான்கோ ரயில் பாதை 108 கிலோமீட்டர் நீளம். ஆள் ஏறவில்லை என்று 2018 மார்ச் 31-உடன் நிறுத்திவிட்டார்கள். நான் போனபோது தண்டவாளத்தில் புல் முளைத்திருந்தது, பேருந்து ஒரு நாளைக்குச் சில நடைதான். என் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன ஊரில் பெயரைச் சொன்னால் யார் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அங்கிருந்து கோட்சுவுக்கு 261-ஆம் எண் நெடுஞ்சாலையில் 35 கிலோமீட்டர். நல்ல நாளில் முக்கால் மணி நேரம்.

எனக்கு இரண்டு தொடக்கப் பள்ளி, ஒரு நடுநிலைப் பள்ளி. சின்னப் பள்ளியில் 23 பிள்ளைகள். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். 2020-இலிருந்து ஜப்பானில் மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 35 பாடவேளை ஆங்கிலம். ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு அது 70 பாடவேளை கொண்ட முழுப் பாடம். இத்தனை சின்ன பள்ளிகளுக்கெல்லாம் தனித்தனி ஆங்கில ஆசிரியர் கிடைக்காததால்தான் நம்மைப் போன்றவர்கள் பள்ளி பள்ளியாகப் போகிறோம்.

முதல் வீடு: ஆசிரியர் குடியிருப்பு

இதைக் கியோயின் ஜுதாக்கு என்பார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்காக ஊராட்சி கட்டிவைத்த வீடுகள். எனக்குக் கிடைத்தது இரண்டு மாடி, நான்கு வீடு கொண்ட பழைய கான்கிரீட் கட்டடம். வாடகை மாதம் 12,000 யென். முன்பணம் இல்லை, உத்தரவாதம் போட ஆள் தேட வேண்டியதில்லை, எல்லாவற்றுக்கும் கல்வி வாரியமே பொறுப்பு. ஜெட் திட்டத்தில் அப்போது முதல் வருஷச் சம்பளம் ஆண்டுக்கு 33 லட்சத்து 60 ஆயிரம் யென், மாதக் கணக்கில் 2 லட்சத்து 80 ஆயிரம். 2025 ஏப்ரலிலிருந்து அது 40 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்திருக்கிறது. அந்தச் சம்பளத்தில் 12,000 வாடகை என்பது கணக்கிலேயே வராத தொகை.

பள்ளிக்கு நடந்தே ஏழு நிமிஷம். இதன் அருமை போகப் போகத்தான் புரியும். காலையில் பிள்ளைகள் வரிசையாக நடந்து வருவார்கள், மஞ்சள் தொப்பியும் முதுகில் கனத்த தோல்பையுமாக. அவர்களோடு நானும் நடப்பேன். வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளைகள் அந்த ஏழு நிமிஷத்தில் பேசுவார்கள். வண்டு, தவளை, தாத்தாவின் டிராக்டர், நேற்று இரவு வயலுக்கு வந்த காட்டுப்பன்றி. நான் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டது பாடப்புத்தகத்தில் பாதி, அந்தச் சாலையில் பாதி. நான் 'தாகரா' (அதனால்) என்று படித்துப் போயிருந்ததை அங்கே 'ஜாக்கே' என்கிறார்கள் என்று முதலில் சொல்லிக்கொடுத்தவள் ஏழு வயதுப் பெண்.

ஒரு விஷயம் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஊரின் ஜப்பானிய ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஊரில் இருப்பதில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை மார்ச் கடைசியில் மாற்றல் வரும் என்பதால் குடும்பத்தை நகரத்தில் வைத்துக்கொண்டு தினமும் காரில் வந்துபோகிறார்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் பள்ளி வாசல் விளக்கு அணைந்தால், ஊரில் மிஞ்சும் ஆசிரியர் நான் ஒருத்திதான். அதனால் ஊரார் பார்வையில் 'பள்ளிக்கூடம்' என்றால் நான் என்றாகிவிட்டது. கடையில், அஞ்சல் நிலையத்தில், வெந்நீர்க் குளியலகத்தில் எல்லா இடத்திலும் "சென்செய்", அதாவது ஆசிரியர். பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று பாட்டிமார் நிறுத்திக் கேட்பார்கள்.

வாசலில் காய்கறி இருக்கும். யார் வைத்தது என்று சீட்டு இருக்காது. அக்டோபரில் கத்தரிக்காய், டிசம்பரில் முள்ளங்கி, முட்டைக்கோஸ் அளவு பெரிய ஹக்குசாய் கீரை. வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது, ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஒபாச்சான், அதாவது பாட்டி, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், அவர் கொடுத்த முள்ளங்கியிலேயே சாம்பார் வைத்து ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரம் என்று கையால் விசிறிக்கொண்டே முழுக்கச் சாப்பிட்டார். அடுத்த வாரம் மறுபடி முள்ளங்கி வந்தது, இந்த முறை இரண்டு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளியில் மதிய உணவு எல்லாருக்கும் ஒன்றுதான், பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு பரிமாறுவார்கள். நான் மாட்டிறைச்சியும் பன்றியும் சாப்பிடுவதில்லை. உணவுக்கூடத்தில் சமைக்கும் அம்மா என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. மாதத் தொடக்கத்தில் வரும் உணவுப் பட்டியலில் எனக்கு ஆகாத நாட்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு என் தபால் பெட்டியில் போட்டுவிடுவார். அந்த நாட்களில் நான் சோறு கட்டிக்கொண்டு போவேன். முழுச் சைவம் என்றால் இன்னும் கஷ்டம். மீன் துருவலில் எடுத்த சாறு இல்லாத சூப்பே கிடையாது. சைவக்காரர்கள் முதல் நாளே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, தினமும் டப்பா கொண்டுபோவதுதான் எல்லாருக்கும் நிம்மதி.

சரி, இதன் மறுபக்கம். ஊருக்குள் குடியிருந்தால் மறைவு என்று ஒன்று கிடையாது. குப்பைப் பையில் பெயர் எழுத வேண்டும். தவறாகப் பிரித்தால் பை திரும்பி வாசலுக்கு வரும். நான் என்ன வாங்கினேன், எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது, வாரக் கடைசியில் யார் வந்தார்கள், எல்லாம் தெரியும். கெட்ட எண்ணம் கிடையாது, அக்கறைதான். ஆனால் அக்கறையும் நாள் முழுக்க இருந்தால் களைப்பாகும். கதவைத் தட்டாமல் முன்கூடம்வரை வந்து "கொமென் குடாசாய்" என்று குரல் கொடுப்பது அங்கே வழக்கம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு முதல் சில வாரம் அது திடுக்கென்றிருக்கும். கடை ஆறரைக்கு மூடிவிடும். மருத்துவர் வாரத்தில் சில நாள்தான். காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் ஒலிபெருக்கியில் இசை, அப்புறம் மலையடிவாரத்தில் கரடி நடமாட்டம் என்று அறிவிப்பு.

குளிர்

வெப்ப நாட்டிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் குளிரைப் பற்றி. ஜப்பானின் பழைய வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. ஆள் இருக்கும் அறையை மட்டும் சூடாக்குவார்கள். ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி. ஜனவரியில் காலையில் எழுந்தால் என் சமையலறையில் 3 டிகிரி. நல்லெண்ணெய் சீசாவுக்குள் கலங்கிப் போயிருக்கும்.

மண்ணெண்ணெய் அடுப்புதான் துணை. 18 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று கிட்டத்தட்ட 2,000 யென். ஜனவரியில் எனக்கு ஆறு கேன் ஆனது. காற்றாடி வைத்த ஹீட்டர் பாதுகாப்புக்காக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணையும், மணிக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்து காற்று விட வேண்டும். ஜன்னலில் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் பெரிய மாற்றம் தெரியும். இரவில் குழாய் உறையும் என்றால் தரைக்கு அருகில் உள்ள திருகைத் திருப்பித் தண்ணீரை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாயை நூல் போல ஓடவிட வேண்டும். முதல் டிசம்பரில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு காலை தண்ணீர் வரவில்லை. ஒபாச்சான்தான் வந்து துணியைச் சுற்றி வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றிச் சரிசெய்தார். கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடித்துவிடும் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இதே ஷிமானேயில், கிழக்கே மட்சுவே நகரத்துக்கு 1890 ஆகஸ்ட் கடைசியில் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன். ஊர் அவரைக் கட்டிப்போட்டது. அங்கேயே கொய்சுமி செட்சுவை மணந்தார், பின்னாளில் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் ஜப்பானியக் குடிமகனும் ஆனார். ஆனால் அந்த முதல் குளிர்காலம் அவரைப் படுக்கையில் தள்ளியது. மாதம் 100 யென் சம்பளத்தை விட்டு, 1891 நவம்பரில் 200 யென் சம்பளத்துக்குத் தெற்கே குமமோட்டோ போனார். குளிரும் காசும் சேர்ந்து ஒரு மனிதரைப் பிடித்த ஊரிலிருந்து கிளப்பிவிட்ட கதை. குமமோட்டோவில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 1894-இல் கோபேவுக்குப் போய்விட்டார். முதல் வருஷ முடிவில் நான் வீடு மாற முடிவெடுத்தபோது இந்தக் கதையை நினைத்துக்கொண்டேன். என் காரணமும் பாதி குளிர்தான். மீதிப் பாதி, ஐந்து மணிக்கே இருட்டிவிடும் அந்த மாலைகளில் என் வயதில் பேச ஒரு ஆள் இல்லாதது.

இரண்டாம் வீடு: கோட்சுவில்

நகரம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஷிமானேயின் நகரங்களிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது கோட்சு. ஆனாலும் இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடை உண்டு, பல் மருத்துவர் உண்டு, கடலோர ரயில் உண்டு, வேறு பள்ளிகளில் வேலை பார்க்கும் மூன்று வெளிநாட்டு ஆசிரியர்கள் உண்டு. புதிதாகக் கட்டிய வீடு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சுவரில் அறையைச் சூடாக்கவும் செய்யும் ஏசி. பிப்ரவரியில் ஒற்றைச் சட்டையோடு உட்கார்ந்து தேநீர் குடித்தேன். அந்தச் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

காசுக் கணக்கு இப்படி. வாடகை 46,000 யென், அதாவது ஊரைவிட மாதம் 34,000 கூடுதல். வருஷத்துக்கு 4 லட்சத்தைத் தாண்டும், முதல் வருஷச் சம்பளத்தில் ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். குடியேறும்போது முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத நன்றிப்பணம், உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் என்று சுமார் 2 லட்சம் யென் கையை விட்டுப் போனது. ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் ஓட்டினால் சின்ன காருக்கு ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல். மாதம் 14,000 யென்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஒரு பகுதி போக்குவரத்துப் படியாகத் திரும்பி வந்தது. மண்ணெண்ணெய்ச் செலவு போனது, மின்கட்டணம் ஏறியது.

காசைவிடச் சாலைதான் என் கவலை. 261 நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. கோனோகாவா 2018, 2020, 2021 என்று அடுத்தடுத்து வெள்ளம் கண்ட ஆறு. சில வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். நான் கோட்சுவில் இருந்த மழைக்காலத்தில் இரண்டு முறை சாலையை மூடினார்கள். ஒரு நாள் மலைவழியாகச் சுற்றிப் பள்ளிக்குப் போய்ச் சேர பதினோரு மணி ஆனது. குளிர்காலத்தில் காலை ஐந்தரைக்கு எழுந்து கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். சாலையில் மான் குறுக்கே வரும். டிசம்பர் தொடக்கத்திலேயே பனி டயர் மாற்றாவிட்டால் ஒரு வளைவுகூடப் பத்திரமில்லை.

இன்னொன்று, ஜப்பானில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்குச் சலுகையே கிடையாது. கூட உட்கார்ந்து வருபவருக்கும் தண்டனை உண்டு. ஆசிரியர் என்றால் வேலையும் போகும். ஆகவே பள்ளி விருந்துக்கு வந்தால் தேநீர்தான், இல்லாவிட்டால் தைக்கோவைக் கூப்பிட வேண்டும். இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் நம் வண்டியை ஓட்டுவார், மற்றவர் பின்னால் அவர்கள் வண்டியில் வருவார். 35 கிலோமீட்டருக்கு அந்தக் கட்டணம் தாங்காது. நான் குடிப்பதில்லை என்பதால் எனக்கு அது பிரச்சினையாக இல்லை, மற்ற ஆசிரியர்களை வீட்டில் இறக்கிவிடும் ஆளானேன். அந்தக் கார்ப் பயணங்களில்தான் சக ஆசிரியர்கள் என்னிடம் மனம் விட்டுப் பேசினார்கள். நகர வாழ்க்கை எனக்குத் தந்த நல்லவற்றில் அதுவும் ஒன்று.

இத்தனை வசதி இருந்தும் நான் ஏன் திரும்பினேன் என்று கேட்கலாம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். ஒன்றரை வருஷமாக என் வகுப்பில் ஒரு சொல் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, எதிலுமே. இவாமியில் காகுரா என்ற ஆட்டம் உண்டு, முகமூடியும் ஜரிகை உடுப்பும் அணிந்து கோவிலில் ஆடுவது. இலையுதிர்காலத் திருவிழாவில் ஊருக்கு ஊர் இரவு முழுக்க நடக்கும். எட்டுத் தலைப் பாம்பு அவிழ்ந்து சுருளும் காட்சி விடியும் நேரத்தில் வரும். முதல் வருஷம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் பார்க்கவில்லை. இரண்டாம் வருஷம் கோட்சுவிலிருந்து வந்தேன், மறுநாள் மலைச் சாலையை நினைத்து ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை பிள்ளைகள் எல்லாரும் அதையே பேசினார்கள். பாம்பு வந்தபோது பெரிய முரசை அடித்தது யார் தெரியுமா சென்செய் என்று கேட்டார்கள். அந்தப் பையன்தான். நான் அங்கே இல்லை.

மூன்றாம் வருஷ ஒப்பந்தப் படிவம் ஜனவரியில் வந்தது. கையெழுத்துப் போட்டேன், கூடவே தான்தோஷாவிடம் ஊருக்குள் வீடு கேட்டேன்.

மூன்றாம் வீடு: அகியா

ஆசிரியர் குடியிருப்பில் அப்போது இடம் இல்லை. ஆனால் அகியாவுக்கு, அதாவது காலி வீட்டுக்கு, பஞ்சமில்லை. 2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன, மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். ஊராட்சிகள் அவற்றைப் பட்டியல் போட்டு 'அகியா வங்கி' என்று நடத்துகின்றன. மாதம் 15,000 யென்னுக்கு ஆறு அறை, வராந்தா, ஆரஞ்சு நிறத்தில் தக்காளி போலப் பழுக்கும் காக்கிப் பழ மரம், சின்னத் தோட்டம் எல்லாம் சேர்ந்த வீடு கிடைத்தது.

படத்தில் பார்த்தால் சொர்க்கம். ஆகவே போகிறவர்கள் மயங்கும் வீடும் இதுதான். எனக்கு அந்த வருஷம் மிகவும் பிடித்திருந்தது, ஆனால் முதல் வருஷத்தில் யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக்காரரின் மூதாதையர் பூசைமாடம் ஒரு அறையில் அப்படியே இருந்தது. அந்த அறையைத் திறக்கக் கூடாது, ஆகஸ்டில் அவர்கள் வந்து கும்பிட்டுப் போவார்கள். கழிப்பறை குழி வகை, மாதம் ஒருமுறை உறிஞ்சும் லாரி வரும். கோடையில் பூரான், இலையுதிர்காலத்தில் நாற்றப் பூச்சி நூற்றுக்கணக்கில் ஜன்னல் இடுக்கில். ஆசிரியர் குடியிருப்பில் குளிர் என்றால் இங்கே வெளியில் படுத்திருப்பது போல.

அதோடு, இந்த வீட்டுக்கு வந்தவுடன் நீங்கள் தெருவில் ஒரு குடும்பமாக எண்ணப்படுவீர்கள். வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்புப் பலகை, கைரன்பான், உங்கள் வாசலுக்கும் வரும். படித்து முத்திரை போட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சாலையோரப் புல் வெட்டுவதற்கு வீட்டுக்கு ஒரு ஆள். வாய்க்கால் சுத்தம், கோவில் வைக்கோல் கயிறு திரிப்பது, யாராவது இறந்துவிட்டால் வரவேற்பு மேசையில் உட்காருவது. மொழி தெரியாமல் இதற்குள் போனால் தினமும் தடுமாற்றம்தான். இரண்டு வருஷம் கழித்துப் போனதால் எனக்கு அது பாரமாக இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் காகுரா ஒத்திகைக்கு இரவு எட்டு மணிக்கு நடந்தே போனேன். அந்தப் பையன் முரசடிப்பதைக் கேட்டேன். அவனிடம் எதுவும் சொல்லவில்லை, தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். டிசம்பரில் ஒரு நாள் வகுப்பில் அவன் "டிரம்" என்று சொன்னான்.

உரிமம் இல்லாதவர்களுக்கு

வீட்டை முடிவு செய்வதற்கு முன் கார் ஓட்டும் உரிமத்தைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து போகும் இளையவர்கள் பலருக்கு அது இருப்பதில்லை. உரிமம் இல்லையென்றால் நகரத்து வீடு என்ற பேச்சே இல்லை. 660 சி.சி. கே கார் பழையது ஒன்று எனக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் யென்னுக்குக் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஷாக்கென் என்ற கட்டாயச் சோதனை, காப்பீடு, வரி தனி. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், ஜப்பானிலும் அப்படியே, அது பெரிய ஆறுதல். சர்வதேச அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. ஓட்டுத் தேர்வில் முதல் தடவையில் தேறுகிறவர்கள் குறைவு, எனக்கு மூன்று தடவை ஆனது. 2025 அக்டோபரில் எழுத்துத் தேர்வையும் கடினமாக்கிவிட்டார்கள். இன்னொரு எச்சரிக்கை: சில கல்வி வாரியங்கள் வெளிநாட்டு ஆசிரியர்களைக் காரில் வேலைக்கு வர அனுமதிப்பதே இல்லை.

ஜெட் அல்லாமல் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாகப் போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். சம்பளம் பொதுவாகக் குறைவு, பள்ளி விடுமுறை மாதங்களில் இன்னும் குறையலாம், வீடும் காரும் நிறுவனத்தின் வழியே வந்தால் அந்தத் தொகை சம்பளத்தில் பிடிக்கப்படும். அடுத்த ஏப்ரலில் வேறு ஊருக்கு மாற்றப்படவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்டவர்கள் முன்பணம் கொடுத்து நகரத்து வீட்டை எடுக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

என் தேர்வு எது என்று கேட்டால், முதல் வருஷம் ஊருக்குள் ஆசிரியர் குடியிருப்பு. குளிரும் தனிமையும் தெரிந்தே சொல்கிறேன். பள்ளி என்ற இடம் பிள்ளைகளின் நாளில் எட்டு மணி நேரம்தான். மீதி நேரத்தில் அவர்கள் யார் என்று தெரியாமல், வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து வண்ண அட்டை காட்டும் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விருந்தாளிதான். துணையோடு போகிறவர்கள், தொடர்ந்து மருத்துவம் தேவைப்படுகிறவர்கள், முன்பு மனச்சோர்வில் இருந்து மீண்டவர்கள் நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானிய ஆசிரியர்களே அப்படித்தான் செய்கிறார்கள், அதில் குறைவு எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு மாலையாவது ஊரில் தங்கும்படி ஒரு காரணத்தை மட்டும் உண்டாக்கிக்கொள்ளுங்கள்: முரசு, கைப்பந்து, எதுவானாலும்.

ஆகவே அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடும்போது, விருப்பத்தைச் சொல்லும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு முன்பு இருந்த ஆசிரியர் எங்கே குடியிருந்தார், அவருடைய மின்னஞ்சல் கிடைக்குமா? வீட்டில் எந்த அறையில் ஏசி உண்டு? குழாய் உறையுமா? கழிப்பறை எந்த வகை? காரில் வேலைக்கு வரலாமா, போக்குவரத்துப் படி உண்டா? அப்புறம் ஊரின் பேரிடர் வரைபடத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு ஊராட்சியும் அதை வைத்திருக்கிறது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் இஷினோமாகியிலும் ரிக்குசென்தகாதாவிலும் வேலை பார்த்த ஜெட் ஆசிரியர்கள் இருவர் உயிரிழந்தார்கள். கடற்கரையானாலும் ஆற்றங்கரையானாலும் வரைபடத்தில் உங்கள் வீடு எந்த நிறத்தில் இருக்கிறது, ஓட வேண்டுமென்றால் எந்த மேட்டுக்கு என்று முதல் வாரத்திலேயே நடந்து பார்த்துவிடுங்கள். என் முதல் வீடு அந்த வரைபடத்தில் வெளிர்நீலத்தில் இருந்தது. ஏற வேண்டிய இடம் கோவில் படிக்கட்டு, 94 படி. ஒபாச்சானோடு ஒருமுறை ஏறிப் பார்த்தோம்; அவர் என்னைவிட முன்னால் போய்ச் சேர்ந்தார்.